விமான ரிக்கெற்றுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் விமான ரிக்கெற் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தேன். அங்கே வருகிறவர்கள் ரிக்கெற் வாங்குவதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம். அதிலும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கிறவர்கள் போனில் ஏதோ ஒரு விலையை நீட்டி, "இதைவிட ஏன் தம்பி கூடச் சொல்லுறீர்?" என்பார்கள். அப்போது வரிசை நின்றதால் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதி வைக்கிறேன்.

ஒரே விமானம், ஒரே வரிசை. நான் கொடுத்தது 600 டொலர், பக்கத்தில் இருந்தவர் கொடுத்தது 420. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நீங்கள் இருவரும் வேறு வேறு பொருளை வாங்கியிருக்கிறீர்கள், சீற் மட்டும்தான் ஒன்று.

திருநெல்வேலிச் சந்தையில் காலையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு விலை, பின்னேரம் இன்னொரு விலை. நாளைக்குப் பழம் கனிந்து போய்விடும், அதனால் வியாபாரி இறங்கி வருவார். விமான சீற்றும் அப்படி அழுகுகிற சாமான்தான், பழத்தைவிட மோசம். கதவு பூட்டிய கணத்தில் காலியாக இருக்கும் சீற்றின் பெறுமதி பூச்சியம், அதை நாளைக்கு வைத்து விற்க முடியாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கம்பெனிகள் செய்கிற கோணங்கித்தனங்களில் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும்.

ஆனால் சந்தைக்கும் இதற்கும் ஒரு தலைகீழ் இருக்கிறது. சந்தையில் கடைசி நேரம் விலை இறங்கும், விமானத்தில் ஏறும். காரணம், கடைசி நேரத்தில் வாங்குகிறவர் யார் என்று கம்பெனிக்குத் தெரியும்: செத்தவீட்டுக்குப் போகிறவர், வேலை விஷயமாக நாளைக்கே நிற்க வேண்டியவர், விசா இப்போதுதான் கிடைத்தவர். அவர் எந்த விலையும் கொடுப்பார். அதோடு, கடைசி நாளில் மலிவாக விற்கும் பழக்கம் வந்தால் எல்லோரும் கடைசி நாள் வரைக்கும் காத்திருப்பார்கள், பிறகு வியாபாரம் எங்கே நடக்கும்?

அதனால் 180 சீற்றையும் ஒரே விலைக்கு விற்காமல், எழுத்துப் பெயர் வைத்த பல பெட்டிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவான பெட்டியில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம் என்று. மலிவுப் பெட்டியில் மாற்ற முடியாது, காசு திரும்ப வராது. மேலே போகப் போகக் கட்டுப்பாடு குறையும். எந்த நாளில் எந்தப் பெட்டியை எவ்வளவு திறப்பது என்று தினமும் கணக்குப் பார்த்து மாற்றுவதற்கே ஒரு பிரிவு இருக்கும், இப்போது பெரும்பகுதி கணினி பார்க்கிறது.

இதைப் பெரிய அளவில் தொடக்கியது அமெரிக்கன் எயார்லைன்ஸ். 1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தின் மேலிருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது, பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கம்பெனி வந்து அரைவிலைக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியது. 1985இல் அமெரிக்கன் என்ன செய்தது என்றால், எப்படியும் காலியாகப் போகப் போகிற சீற்றுகளை மட்டும் கணக்கிட்டு, முன்கூட்டி வாங்குபவர்களுக்கு பீப்பிள் எக்ஸ்பிரஸ் விலைக்கே கொடுத்தது, மிச்சத்தைப் பழைய விலைக்கே விற்றது. ஏறக்குறைய இரண்டு வருடத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற பெயரே இல்லாமல் போய் வேறு கம்பெனியோடு கலந்துவிட்டது.

போனில் ஒரு தரம் தேடினால் அடுத்த தரம் விலை கூடுகிறதே, எங்களைக் கண்காணிக்கிறார்களா?

பெரும்பாலும் அதுவல்ல. நீங்கள் பார்த்து முடிப்பதற்குள் அந்தப் பெட்டியில் இருந்த கடைசிச் சீற்றை வேறு யாரோ வாங்கியிருப்பார், அடுத்த பெட்டியின் விலை தெரிகிறது.

ஆனால் உங்களுக்கு உண்மையில் பிரயோசனமான ஒன்று சொல்கிறேன். குடும்பமாக நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடினால், மலிவுப் பெட்டியில் இரண்டு சீற்தான் மிச்சம் என்றால், பெரும்பாலும் கணினி இரண்டை மலிவாகவும் இரண்டைக் கூடவும் தராது, நான்கு பேரையும் மேல் பெட்டிக்குத் தூக்கிவிடும். ஒரு ஆளுக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை குறைவாக வந்தால் இரண்டு இரண்டாகப் போடுங்கள். ஒன்றே ஒன்று, பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்துப் போட வேண்டும்.

சரி, எப்போது வாங்கினால் மலிவு?

மந்திரக் கிழமை ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை நடுச்சாமம் வாங்கு என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டு பருவம்தான் பிரச்சினை: நல்லூர்த் திருவிழா, மார்கழி. நல்லூர்த் திருவிழா ஐரோப்பா, கனடாப் பள்ளிக்கூட விடுமுறையோடு அப்படியே பொருந்தி வருகிறது, 25 நாள் திருவிழா என்றாலும் எல்லோருக்கும் தேருக்கும் தீர்த்தத்துக்கும் நிற்க வேண்டும். அந்தக் கூட்டம் வருடா வருடம் வருவது கம்பெனியின் கணினிக்கும் தெரியும், முருகன் பெயர் தெரியாவிட்டாலும் திகதி தெரியும். அந்த நாட்களில் மலிவுப் பெட்டியை முதலிலேயே பூட்டி வைத்திருப்பார்கள். போகிற திகதியை ஒரு கிழமை முன் பின் நகர்த்த முடிந்தால் அதுதான் பெரிய மிச்சம்.

சென்னை இந்தா இருக்கிறது. பலாலியிலிருந்து போக ஏன் இவ்வளவு காசு?

கடையில் ஆகக் கூடுதலாகக் கேட்ட கேள்வி இது. கோபத்தோடு கேட்பார்கள், நியாயமான கோபம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலியின் ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன்னுடைய முதலாவது பயணத்தைத் தொடங்கியபோது, கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள ரத்மலானையில் கிளம்பிய டக்கோட்டா விமானம் காங்கேசன்துறை என்று அன்று அழைத்த இதே பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. எங்கள் தாத்தாமார் சிலர் சென்னைக்குப் போய்வந்த கதையைப் பக்கத்து ஊருக்குப் போனது போலச் சொல்வதற்கு அதுதான் காரணம். பிறகு யுத்தம். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் பலாலி–ரத்மலானை விமானம் என்பது வசதி அல்ல, வேறு வழியில்லாமை. 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து இந்தியாவின் அலையன்ஸ் எயார் வந்தது. சில மாதத்தில் கொரோனா வந்ததால் அது நின்றது, 2022 டிசெம்பரில் திரும்பத் தொடங்கியது, 2024 செப்டெம்பரில் சென்னையிலிருந்தும் 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் இண்டிகோ வந்தது.

இப்போது விலை. தூரம் குறைந்தால் விலை அதே வீதத்தில் குறையும் என்று நினைக்கிறோம், பஸ்ஸில் அப்படித்தான் இருக்கிறது. விமானத்தில் ஏறி இறங்குவதற்கான செலவுதான் பெரியது, நடுவில் பறப்பது அல்ல. இறங்கு கட்டணம், தரைப் பணியாளர், பாதுகாப்புச் சோதனை, ஏறும்போது குடிக்கிற எண்ணெய் எல்லாம் ஒரு மணித்தியாலப் பயணத்துக்கும் ஐந்து மணித்தியாலப் பயணத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். அடுத்தது விமானம். இங்கே வருவது ஏரிஆர் 72 என்ற காற்றாடி விமானம், எழுபது சொச்சம் சீற். எண்ணெய் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் அதிலும் இரண்டு விமானிகள், 180 சீற் எயார்பஸ்ஸிலும் இரண்டு விமானிகள். அந்தச் செலவை 70 பேருக்குப் பிரிப்பதும் 180 பேருக்குப் பிரிப்பதும் ஒன்றா?

மூன்றாவது வரி. சின்னத் தூர ரிக்கெற்றில் கம்பெனிக்குப் போகிற காசைவிட வரியும் கட்டணமும் கண்ணைக் குத்தும், ஏனென்றால் இலங்கையில் வெளிநாட்டுப் பயணத்துக்கான புறப்பாட்டு வரி தூரத்தைப் பார்த்து வருவதில்லை.

நான்காவது, போட்டி. ஒரே ஒரு கம்பெனி ஓடிய காலத்தில் விலை எப்படி இருந்தது, இரண்டாவது வந்த பிறகு எப்படி மாறியது என்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். 2023இல் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் ஒரு விதத்தில் போட்டிதான், கடல் இடம் கொடுத்தால்.

பெரிய விமானம் ஏன் பலாலிக்கு வராது? லண்டனிலிருந்து நேரே வந்தால் எவ்வளவு நல்லது!

நல்லதுதான். ஓடுபாதை நீளம் போதாது. நீண்ட தூரம் பறக்கும் விமானம் எண்ணெயை நிரப்பிக்கொண்டு எழும்ப வேண்டும், பாரம் கூடக் கூட ஓட வேண்டிய தூரமும் கூடும், எங்கள் வெக்கையில் இன்னும் கூடும், ஏனென்றால் சூடான காற்று ஐதாக இருக்கும், இறக்கைக்குப் பிடி குறைவு.

ஓடுபாதையை நீட்டினாலும் வேலை முடியாது. ஒரு நாட்டுக் கம்பெனி இன்னொரு நாட்டுக்குப் பறப்பதற்கு இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். 1944இல் சிகாகோவில் நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கையின் அடிப்படை அது: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலுள்ள வானம் சொந்தம். எந்த ஊருக்கு, கிழமைக்கு எத்தனை தடவை என்பது வரைக்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அதனால்தான் ஒரு இந்தியக் கம்பெனி சென்னையிலிருந்து பலாலிக்கு ஆள் கொண்டுவரலாம், ஆனால் பலாலியில் ஆளை ஏற்றி கொழும்பில் இறக்க முடியாது. உள்நாட்டு ஓட்டம் உள்நாட்டுக் கம்பெனிக்கு என்பது அநேகமாக எல்லா நாட்டிலும் சட்டம்.

இதெல்லாம் சரிவந்தாலும் கடைசிக் கேள்வி ஒன்று நிற்கும்: ஆடியிலும் மார்கழியிலும் நிரம்பும், மாசியில் யார் வருவார்கள்? 250 சீற்றை வருடம் முழுவதும் நிரப்ப வேண்டும். அதுவரைக்கும் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கி, ஹயஸ் வான் வண்டியில் இரவு முழுக்க இருந்து, விடியப்புறம் ஆனையிறவில் முகம் கழுவுகிற வாழ்க்கைதான்.

ஏன் எல்லோரும் டுபாய், டோஹா என்று போகிறார்கள்?

அதுவும் இதே கணக்குத்தான். ஒஸ்லோவிலிருந்து கொழும்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர்? ஒரு விமானத்துக்குக் காணாது. ஆனால் ஒஸ்லோவிலிருந்து டோஹாவுக்குப் போகிற விமானத்தில் கொழும்புக்கு 15 பேர், காத்மண்டுவுக்கு 20 பேர், பாங்கொக்குக்கு 40 பேர் என்று சேர்த்தால் நிரம்பும். டோஹாவில் எல்லோரையும் இறக்கி, பிரித்து, வேறு விமானங்களில் ஏற்றுவார்கள். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் காரைநகர், பருத்தித்துறை, கீரிமலை ஆட்கள் எல்லோரும் இறங்கி மாறுவது போலத்தான். வளைகுடா நாடுகள் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இருப்பது அவர்களுக்கு அதிர்ஷ்டம், அதைப் பயன்படுத்தியது கெட்டித்தனம்.

விமானம் அந்தக் கம்பெனியின் சொந்த விமானம்தானே?

பாதிக்குப் பாதி இல்லை. உலகத்தில் ஓடும் பயணிகள் விமானங்களில் ஏறக்குறைய அரைவாசி வாடகை. வாலில் கம்பெனியின் படம் இருக்கும், சொந்தக்காரர் அயர்லாந்தில் இருப்பார். விமானத்தை வாங்கி வாடகைக்கு விடும் தொழிலின் தலைநகரமே அயர்லாந்துதான், 1975இல் ஷனனில் தொடங்கிய ஒரு கம்பெனியிலிருந்து வளர்ந்தது அது. இன்று உலகத்திலேயே பெரிய வாடகைக் கம்பெனியான எயார்கப் டப்ளினில் இருக்கிறது.

வாடகையிலும் இரண்டு வகை. விமானத்தை மட்டும் எடுத்து உங்கள் விமானியை வைத்து ஓட்டலாம், அல்லது விமானம், விமானி, பணிப்பெண், பராமரிப்பு, காப்புறுதி எல்லாமாகச் சேர்த்து எடுக்கலாம். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், வான் வண்டியை மட்டும் எடுப்பதும், றைவரோடு எடுப்பதும். ஒரு கம்பெனியில் ரிக்கெற் எடுத்துவிட்டு, பெயரே தெரியாத வேறு நிறத்து விமானத்தில் ஏறிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் அது இரண்டாவது வகை.

இண்டிகோ போன்ற கம்பெனிகள் இதிலும் ஒரு வித்தை செய்தன. 2023இல் ஒரே தடவையில் 500 எயார்பஸ் விமானங்களுக்கு ஓடர் கொடுத்த கம்பெனி அது. மொத்தமாக வாங்குகிறவருக்குப் பெரிய கழிவு கிடைக்கும். விமானம் கைக்கு வருகிற அன்றே வாடகைக் கம்பெனிக்கு அதைவிடக் கூடுதல் விலைக்கு விற்று, அவரிடமே திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொள்வது. கையில் காசும் நிற்கும், விமானமும் ஓடும். நன்றாக ஓடுகிற காலத்தில் அழகான ஏற்பாடு. கூட்டம் குறைந்த காலத்தில் மாதா மாதம் டொலரில் வாடகை கட்டவேண்டி வரும்போதுதான் வலிக்கும்.

இவ்வளவு காசு வாங்குகிறார்கள், லாபம் கொட்ட வேண்டுமே?

கொட்டுவதில்லை, அதுதான் இந்தத் தொழிலின் விசித்திரம். நல்ல வருடத்தில், விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கமான அயாட்டா சொல்லும் கணக்கில், ஒரு பயணிக்குக் கம்பெனிக்கு மிஞ்சுவது 7 டொலர் அளவில். கொரோனா வந்த 2020இல் உலகக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 100 பில்லியன் டொலருக்கும் மேல் நட்டப்பட்டன. ஆனால் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள்: விமானத்தை வாடகைக்கு விடுகிறவர், எஞ்சின் செய்து பிறகு பல வருடம் உதிரிப்பாகம் விற்கிறவர், விமான நிலையம், ரிக்கெற் பதியும் கணினி வலையை வைத்திருக்கும் அமேடியஸ், சேபர் போன்றவை. இவர்களுடைய வருமானம் ஓரளவு உறுதி. ஆபத்து முழுவதும் சீற்றை விற்கிறவர் தலையில். கோயில் திருவிழாவில் சாமி தூக்குகிறவருக்குத் தோள் வலி, கச்சான் விற்கிறவருக்கு லாபம் என்பது மாதிரி.

செலவில் பெரியது எண்ணெய். கால்வாசிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் எங்கேயாவது நிற்கும். அது என்ன பெரிய திரவியம் என்று நினைக்க வேண்டாம், நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான், மைனஸ் 47 பாகை வரைக்கும் உறையாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எண்ணெய், வாடகை, உதிரிப்பாகம் எல்லாம் டொலர். இலங்கைக் கம்பெனி என்றால் உள்ளூரில் விற்கிற ரிக்கெற் ரூபாவில். 2022இல் 200 ரூபாவில் நின்ற டொலர் சில மாதத்தில் 360 வரைக்கும் போனபோது என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்த வருடம் கட்டுநாயக்கவில் விமான எண்ணெய்க்கே தட்டுப்பாடு வந்து, சில விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போயின. நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம், விமானமும் நின்றது.

பட்ஜெட் விமானம் எப்படி மலிவாக விற்கிறது? பாதுகாப்பில் குறை வைக்கிறார்களா?

இல்லை. பாதுகாப்புச் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. ஒவ்வொரு விமானமும் குறிப்பிட்ட பறப்பு மணிக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய முழுவதும் கழற்றிப் பார்ப்பார்கள், மலிவுக் கம்பெனி என்று யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

மிச்சம் பிடிப்பது நேரத்தில். தரையில் நிற்கும் விமானம் காசு உழைக்காது. அமெரிக்காவில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் அடுத்த வருடமே காசில்லாமல் தன்னுடைய நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. ஆனால் நான்கு விமானத்துக்குப் போட்ட நேர அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்ட முடிவெடுத்தார்கள். வழி? இறங்கி, ஆளை இறக்கி, ஏற்றி, பத்து நிமிடத்தில் திரும்ப எழும்புவது. இன்றைய பட்ஜெட் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் பிள்ளையார் சுழி. ஒரே வகை விமானம் வைத்திருந்தால் விமானிக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே பயிற்சி, ஒரே உதிரிப்பாகம். சாப்பாடு, சீற் தெரிவு, சூட்கேஸ் எல்லாம் தனிக்காசு.

எங்கள் ஆட்களுக்கு அந்தச் சூட்கேஸ்தான் விழுத்துகிற இடம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, முருங்கைக்காய் வற்றல் என்று கட்டிக்கொண்டு போகிறவர்கள் மலிவு ரிக்கெற்றை எடுத்துவிட்டு விமான நிலையத்தில் கிலோவுக்குக் கட்டும்போது, பெரிய கம்பெனியின் விலையையும் தாண்டிவிடும். சூட்கேஸோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று சொல்லலாம்.

ரிக்கெற்றில் ஒரு கம்பெனி, விமானத்தில் வேறு கம்பெனி. ஏன்?

கூட்டு விற்பனை. ஒருவர் விமானத்தில் இன்னொருவர் தன் இலக்கத்தைப் போட்டு விற்பது. ஸ்டார் அலையன்ஸ் (1997), வன்வேர்ல்ட் (1999), ஸ்கைரீம் (2000) என்ற மூன்று பெரிய கூட்டணிகள் இதற்காகவே உண்டு. ஸ்ரீலங்கன் 2014இலிருந்து வன்வேர்ல்டில். பிரச்சினை வந்தால் ரிக்கெற் விற்றவரும் விமானம் ஓட்டியவரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள், அன்றைக்கு விமானத்தை ஓட்டுகிற கம்பெனியைப் பிடியுங்கள்.

சென்னை வரைக்கும் ஒரு ரிக்கெற், சென்னையிலிருந்து லண்டனுக்கு வேறொன்று. மலிவாக வருகிறதே, போடலாமா?

போடலாம், விளங்கிப் போடுங்கள். ஒரே ரிக்கெற் என்றால் முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் கம்பெனி உங்களை அடுத்த விமானத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு தனி ரிக்கெற் என்றால் இரண்டாவது கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் வராத ஆள். காசு போச்சு. இன்னொன்று, பெரும்பாலும் சூட்கேஸ் சென்னையோடு நிற்கும், அதை வெளியே போய் எடுத்துத் திரும்பப் போட இந்திய விசா வேண்டும், பிரித்தானியப் பாஸ்போட் வைத்திருந்தாலும் வேண்டும். இது தெரியாமல் வந்த ஒரு அம்மாவுக்கு மகள் போனில் அழுதது இன்னும் காதில் நிற்கிறது.

எப்போது பார்த்தாலும் விமானம் நேரத்துக்கு வராது. ஏன் தாமதம்?

பலாலியில் நீங்கள் ஏறப் போகிற விமானம் காலையிலிருந்து இரண்டு மூன்று ஊர் சுற்றிவிட்டுத்தான் வருகிறது. விடிய முதல் ஊரில் அரை மணி பிந்தினால் பின்னேரம் வரைக்கும் அது இழுபடும். அதோடு விமானிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு மணித்தியாலம்தான் என்று சட்டம், அது தாண்டினால் விமானம் இருந்தும் ஓட்ட ஆள் இல்லை.

ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் ஒன்று தெரிந்து வைத்திருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்புகிற எந்த விமானத்துக்கும், கம்பெனி எந்த நாடாக இருந்தாலும், 261 என்ற விதி பொருந்தும். பாரிஸிலிருந்து ஒரே ரிக்கெற்றில் கொழும்புக்கு வந்து, கம்பெனியின் பிழையால் நீண்ட நேரம் பிந்தினால் 600 யூரோ வரைக்கும் கேட்கலாம். புயல் போன்ற காரணம் என்றால் கிடையாது. திரும்பிப் போகும்போது ஐரோப்பியக் கம்பெனியில் போனால்தான் இந்த விதி. பிரித்தானியாவிலும் கிட்டத்தட்ட இதே சட்டம் உண்டு. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

இருக்கிற சீற்றைவிடக் கூட ரிக்கெற் விற்பார்களாமே?

விற்பார்கள். எப்போதும் சிலர் வராமல் விடுவார்கள், அந்தக் கணக்கில். கணக்குப் பிழைத்தால் முதலில் காசோ வவுச்சரோ கொடுத்து யாராவது விரும்பி இறங்குவார்களா என்று கேட்பார்கள். நேரம் இருந்தால் அது நல்ல பேரம். 2017இல் சிகாகோவில் ஒரு பயணியைச் சீற்றிலிருந்து இழுத்து இறக்கிய படம் உலகம் முழுக்க ஓடிய பிறகு கம்பெனிகள் இதில் கொஞ்சம் மரியாதையாக நடக்கின்றன.

சூட்கேஸ் வரவில்லை. என்ன செய்வது?

விமான நிலையத்தை விட்டு வெளியே வர முதலே முறைப்பாட்டுத் தாள் எழுதி இலக்கம் வாங்குங்கள். அந்த இலக்கம் இல்லாமல் பிறகு நீங்கள் கதைப்பது சுவரோடுதான். சர்வதேச விமானப் பயணத்தின் நட்டஈட்டை வகுக்கும் மொன்றியல் உடன்படிக்கை பொருந்துகிற பயணத்தில் உடைந்த சூட்கேஸுக்கு 7 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிந்தி வந்ததற்கு, கைக்குக் கிடைத்து 21 நாளுக்குள். 21 நாள் கழித்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. நட்டஈட்டின் உச்சம் 2024 டிசெம்பர் 28இலிருந்து 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலர். உச்சம்தான், எல்லோருக்கும் அவ்வளவு என்று அர்த்தமில்லை.

என்னுடைய சூட்கேஸ் ஒன்று இப்படித் தொலைந்து பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தது. உள்ளே அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூள் பை வெடித்து, எல்லா உடுப்பும் சிவப்பு. ஒன்றுக்கும் படம் எடுத்து வைக்கவில்லை, பற்றுச்சீட்டும் இல்லை, ஒரு சதமும் கிடைக்கவில்லை. பூட்டும் முன் திறந்த சூட்கேஸை ஒரு படம் எடுங்கள், அவ்வளவுதான்.

ரிக்கெற் கடைக்காரருக்கு எவ்வளவு கிடைக்கும்?

முந்தி கம்பெனிகள் நல்ல கொமிஷன் கொடுத்தன. இப்போது பல கம்பெனிகள் ஒன்றும் தருவதில்லை, கடை தன்னுடைய சேவைக் கட்டணத்தை மேலே போடுகிறது. போனில் தெரிகிற விலைக்கும் நான் சொன்ன விலைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். அந்தக் காசுக்கு உங்களுக்குக் கிடைப்பது, விமானம் ரத்தானால் இரவு பத்து மணிக்குத் தமிழில் திட்டுவதற்கு ஒரு ஆள்.

போகாத ரிக்கெற்றின் காசு முழுவதும் போய்விடுமா?

ரிக்கெற்றின் விலைப் பிரிப்பைப் பாருங்கள். விமான நிலைய வரி நீங்கள் பறந்தால்தான் அரசுக்குப் போகும், மலிவு ரிக்கெற்றிலும் பல கம்பெனிகள் கேட்டால் அதைத் திருப்பித் தரும். ஆனால் வரிகளுக்கு நடுவே "வைக்யூ", "வைஆர்" என்று ஒரு தொகை வரி மாதிரியே உட்கார்ந்திருக்கும். அது வரி அல்ல, கம்பெனி தனக்கே போட்டுக்கொள்ளும் மேலதிகக் கட்டணம், அதைத் திருப்பித் தர அவ்வளவாக விரும்பமாட்டார்கள். கம்பெனியே மூடிப்போனால் கதை வேறு: 2019இல் ஜெட் எயார்வேய்ஸ் நின்றபோதும் 2023இல் கோ பர்ஸ்ட் நின்றபோதும் ரிக்கெற் வாங்கியவர்கள் கடன்காரர் வரிசையில் வங்கிகளுக்கும் பின்னால் போய் நின்றார்கள். கிரெடிட் காட் மூலம் கட்டியிருந்தால் வங்கியிடம் காசைத் திருப்பிக் கேட்க ஒரு வழியாவது இருக்கும், கையில் காசாகக் கொடுத்தவருக்கு அதுவும் இல்லை.